ஊசிமுனையில் தெரிந்த அணு

பாபநாசத்துத் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அது நிறைய நெல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணியாக எடுத்து, இது கிச்சிலிச் சம்பாவா, மாப்பிள்ளைச் சம்பாவா, எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக்கொண்டே போய், அந்தக் குவியலை அப்படியே படமாக வரைய முடியுமா? உலோகத்தின் அணுக்களுக்கு அதைச் செய்கிற கருவிதான் ஆட்டம் புரோப். அது பிறந்த கதையில் ஓர் இந்திய மாணவர் இருக்கிறார். நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்: கன்வர் பகதூர்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் பகதூர். முல்லர் 1951-லேயே இதன் முன்னோடிக் கருவியைச் செய்துவிட்டார். படம்தான் கலங்கலாக இருந்தது. கூரான டங்ஸ்டன் ஊசி, சுற்றிலும் கொஞ்சம் ஹீலியம், ஊசியில் உயர் மின்னழுத்தம். முனையில் துருத்தி நிற்கும் அணுவின் மேல் ஹீலியம் மின்னேற்றம் பெற்றுத் திரைக்குப் பாயும். சூட்டில் அது பக்கவாட்டிலும் அலைந்ததால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துபோயின. 1955 அக்டோபர் 11 அன்று முல்லரும் பகதூரும் ஊசியைக் கடுமையாகக் குளிரவைத்துப் பார்த்தார்கள். திரையில் வட்டம் வட்டமாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அணு! மனிதர் அணுக்களைத் தனித்தனியே பார்த்தது அன்றுதான்.

பார்த்தாயிற்று, அது என்ன அணு என்று தெரிய வேண்டாமா? மின்னழுத்தத்தைக் கணநேரத் துடிப்பாக ஏற்றினால் முனையின் அணுவே கழன்று பறக்கும். 1967-ல் முல்லர், பானிட்ஸ், மெக்லேன் மூவரும் திரையில் துளையிட்டு, அதன் வழியே வந்த அணு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று அளந்தார்கள். லேசானது முந்தும், கனமானது பிந்தும். நேரமே இனத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் இந்த மின்துடிப்பு நன்றாக மின்சாரம் கடத்தும் பொருளுக்கு மட்டுமே ஒத்துவந்தது. 1980-ல் கெல்லாக், ட்சாங் இருவரும் லேசர் துடிப்பைக் கொண்டுவந்தார்கள். முனை கணநேரம் சூடாகி, அணு கழன்றுகொள்ளும். சிலிக்கானுக்கும் பீங்கானுக்கும் வழி பிறந்தது. 1988-ல் ஆக்ஸ்போர்டில் அணு வந்து விழும் இடத்தையும் குறிக்கும் உணர்கருவியைச் சேர்த்ததும், படம் முப்பரிமாணமானது.

2018-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே தேசிய மையம் வந்தது. மற்ற ஊர் ஆய்வாளர்கள் இருந்த இடத்திலிருந்தே கருவியை இயக்கலாம். பறந்துவரும் அணுக்களில் ஏறத்தாழப் பாதிதான் அதில் பதிவாகும். அலுமினியத்தில் கலந்த செம்பு அணுக்கள் எங்கே கூடி அதற்கு வலுவேற்றுகின்றன என்று காண, அந்தப் பாதியே போதும்.