நீரை விலக்கிய மென்படலம்

1931இல் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர், சிலிக்காக் கூழிலுள்ள திரவத்தை நீக்கிக் காற்றை நிரப்பி ஏரோஜெல்லைப் படைத்தார். வெப்பக் காப்பில் அதற்கு இணை அரிது. எனினும் நீர் பட்டால் நொறுங்கியது. அதன் துளைச்சுவர்களிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்க்கின்றன. நானோ அளவிலான துளைகளில் புகுந்த நீரின் பரப்பு இழுவிசை சுவர்களைத் தகர்க்கிறது. துளைகளை அடைத்தாலோ காப்புத்திறனே அழியும்.

இச்சிக்கலுக்கான தீர்வு 1952இல் கிஸ்ட்லர் பெற்ற காப்புரிமையில் உள்ளது. கரிமச் சிலிக்கன் சேர்மத்தின் ஆவி துளைகளினூடே பரவி, சுவர்களின்மீது நீர்விலக்கும் தொகுதிகளைப் பிணைக்கிறது. மூலக்கூறு அளவே தடிமன். துளைகள் திறந்தே இருக்கின்றன.

இன்று ஐதராபாத் பாலாப்பூரிலுள்ள ஏஆர்சிஐ ஆய்வு மையம் ஏரோஜெல் காப்புத் தாள்களை உருவாக்கியுள்ளது. ஏரோஜெல்லின் வரலாற்றை 1931உடன் முடித்துவிடுகிறோம். பருவமழை நாட்டில் வாழும் நமக்கு 1952உம் அதே அளவு முதன்மையானது.