கோழிக்கூட்டில் ஒரு மாதா

இன்னிக்கு 48 வயசுல கேமராவைத் தொட்ட ஒருத்தரோட கதை.

1863 டிசம்பர், இங்கிலாந்தின் வைட் தீவு. ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமரா பரிசு கொடுக்கிறாங்க. உடனே கோழிகளை விரட்டிட்டு, கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினாங்க. கரி வைக்கிற அறை இருட்டறை ஆச்சு.

அப்போ கண்ணாடித் தகட்டுல ரசாயனம் பூசி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்துக் கழுவணும். எதிர்ல உட்கார்றவங்க நிமிடக்கணக்கா அசையக் கூடாது. கேமரன் ஃபோகஸைத் திருகிட்டே வந்து, கண்ணுக்கு அழகாத் தெரிஞ்ச இடத்துல நிறுத்திடுவாங்க. முகம் சற்று மங்கலாத்தான் விழும். விமர்சகர்கள் கிண்டல் பண்ணினாங்க. ஆழ்ந்த கிறிஸ்தவரான அவங்க தேடினது மனுஷருக்குள்ள இருக்கிற மேன்மையை. உருவப்படம் எடுக்கிறதையே ஒரு பிரார்த்தனையா நினைச்சாங்க. வீட்டுல வேலை செஞ்ச மேரி ஹில்லியர்தான் அவங்க படங்கள்ல மாதா!

எனக்கு உறுத்துறது இதுக்கு அப்புறம்தான். 1875-ல கணவரோட காபித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபோனாங்க. அங்கே தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களையும் எடுத்தாங்க. அதே மெல்லிய ஒளி, அதே பொறுமை. ஆனா மேரியோட பேர் நமக்குத் தெரியுது. இவங்கள்ல பெரும்பாலானவங்க பேரை யாருமே குறிச்சு வைக்கலை.

1879-ல கேமரன் இலங்கையிலேயே இறந்தாங்க. பொகவந்தலாவை தேவாலயத்துல பேர் பொறிச்ச கல்லறை இருக்கு. அவங்க படம் எடுத்த அந்த முகங்களுக்கு, படம் மட்டும்தான் மிச்சம். ஒருமுறை தேடிப் பாருங்க.