சத்தியவேடு: எல்லை மாறிய ஊரின் நிலமும் வரலாறும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடாவை ஒட்டி அமைந்துள்ளது ஸ்ரீ சிட்டி. இத்தொழில் நகரத்தின் வரலாறு 2008இல் தொடங்குவதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. மெட்ரோ ரயில் பெட்டிகள் உருவாகும் அந்நிலத்தின் ஒரு பகுதி சத்தியவேடு மண்டலத்தைச் சார்ந்தது. மண்டலத் தலைமையிடமான சத்தியவேடு ஒரு சிற்றூர்தான். எனினும் நிலவியல் நூல்களில் ஒன்றரை நூற்றாண்டாக நிலைபெற்றுள்ள பெயர் அது. நிலவியலில் இத்தனை அழுத்தமாகப் பதிந்த ஊர் வட்டார வரலாற்றில் ஏன் மங்கிப்போயிற்று என்பது ஆராயத்தக்கது.

ஊருக்கு மேற்கே நாகலாபுரம் மலைத்தொடர். கிழக்கே பழவேற்காடு ஏரியை நோக்கிச் சரியும் சமவெளி. இரண்டுக்கும் இடையே சரளையும் செம்மண்ணும் மூடிய தாழ்ந்த குன்றுகள் உள்ளன. மேற்கு மலைகளின் குவார்ட்சைட் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் உருட்டப்பட்டு, கூழாங்கற்களாகப் படிந்து, இரும்புச் சத்து மிக்க மணலோடு இறுகியதால் உருவான திரள் பாறைகளே இக்குன்றுகள். கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த இவற்றின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கிலுள்ள நிலப்பகுதி குறித்து 1873இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிவுகளுக்குச் சத்தியவேட்டின் பெயரையே சூட்டினார்.

இப்பாறைகள் மனித வரலாற்றோடும் தொடர்புடையவை. தெற்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அல்லிக்குழி மலையிலும் இத்தகைய திரள் பாறைகளே உள்ளன. அவற்றிலிருந்து உதிர்ந்த கூழாங்கற்களையும் பாறைத்துண்டுகளையும் செதுக்கியே கொற்றலையாற்றுப் படுகையின் தொல்மனிதர் கைக்கோடரிகளைச் செய்தனர். 1863இல் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கம் இப்படுகையில்தான் உள்ளது. அங்குள்ள கற்கருவிகளுள் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பதைச் சாந்தி பப்புவின் குழுவினர் 2011இல் நிறுவினர். நகரி மலைப்பகுதியின் கல், அல்லிக்குழியில் கூழாங்கல்லாகி, அத்திரம்பாக்கத்தில் கருவியாயிற்று. இம்மூன்று இடங்களுக்கிடையே இன்று ஒரு மாநில எல்லை ஓடுகிறது.

நீரின் வழியும் அத்தகையதே. மேற்கு மலைகளில் தோன்றும் ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, பள்ளிகொண்டீசுவரர் கோயில் அமைந்த சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடைகிறது. பிச்சாட்டூரில் மதகு திறந்தால் ஊத்துக்கோட்டையில் வெள்ளம் வரும். நிலத்தாலும் நீராலும் இது ஒரே வட்டாரம்.

ஆட்சி எல்லை வேறு கணக்கில் வகுக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. சத்தியவேடு செங்கல்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி வட்டாரத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்திலேயே தங்கியது. பின்னர் எழுந்த எல்லைத் தகராற்றைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை ஆகியன அவர் கைக்கொண்ட அளவுகோல்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு உள்ளிட்ட ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் புழங்கும் ஊரைப் பொறுத்தவரை, பெரும்பான்மை என்னும் அளவுகோல் ஒற்றை விடையை மட்டுமே அனுமதித்தது.

தமிழகத்தில் எழுதப்பட்ட வடக்கெல்லைப் போராட்ட வரலாறு ம.பொ.சி., மங்கலங்கிழார் ஆகியோரின் பணியையும் திருத்தணி மீட்பையும் விரிவாகப் பேசுகிறது. அதே நாளில் மறுபக்கம் சென்ற ஊர்கள் அங்கு பெயரளவிலேயே இடம்பெறுகின்றன. சித்தூர் வட்டார வரலாறோ திருப்பதி, சந்திரகிரி, காளத்தி ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. ஆவணங்களும் இந்தப் பிளவையே பின்பற்றுகின்றன. சித்தூர் ஆய்வாளர் இயல்பாக நாடும் வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் சத்தியவேட்டைத் தேடிப் பயனில்லை. குரோல் 1879இல் தொகுத்த செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டுக்கே செல்ல வேண்டும். தமிழக ஆய்வாளருக்கோ 1960க்குப் பின் ஊரே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஒரு தரப்பு இழந்ததை எழுதவில்லை. மறுதரப்பு பெற்றதைத் தனதாக ஆராயவில்லை.

2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது சத்தியவேடு மீண்டும் ஒருமுறை மாவட்டம் மாறியது. 1950களில் அங்கு பிறந்த ஒருவர், பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தபடி, செங்கல்பட்டு, சித்தூர், திருப்பதி என மூன்று மாவட்டங்களின் குடியாகியிருப்பார். இதற்கிடையே தொழிற்சாலைகளும் அகன்ற சாலைகளும் வட்டாரத்தின் நில அமைப்பையே மாற்றி வருகின்றன. இத்தகைய சரளைப் படிவுகளில்தான் கற்காலச் சான்றுகள் புதைந்திருக்கின்றன. வயல்களின் பெயர்களும் ஏரிக்கால்வாய்களின் பெயர்களும் முதியோர் நினைவில்தான் எஞ்சியிருக்கின்றன. தெலுங்கும் தமிழும் அறிந்த ஆய்வாளர்கள் இரு மாநில ஆவணங்களையும் ஒருசேர வைத்துக்கொண்டு செய்யவேண்டிய பணி இது. கல்லுக்கும் ஆற்றுக்கும் இல்லாத எல்லை ஆய்வுக்கு மட்டும் இருக்க வேண்டியதில்லை.