ஒரு பெட்டியில இருந்து வந்ததுதான் எல்லாம்

மழை ஓய்ஞ்சதும் எங்க தோட்டத்துல தேன்பெட்டி பிரிக்கிற வேலை தொடங்கிரும். போன வாரம் சென்னையில இருந்து வந்த நண்பர், "இவ்வளவு தேனீயை எங்க வாங்கினீங்க?"ன்னு கேட்டார். வாங்கலைங்க. அது ஒரு பெரிய கதை.

எங்க குமரிப் பக்கம் அடுக்குத் தேனீ மரப்பொந்துல இருக்கும். தேன் வேணும்னா புகை போட்டு அடையைப் பிழியணும், புழுவும் சேர்ந்து நசுங்கும். 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத், அடையைச் சட்டத்தோட தூக்கி எடுக்கிற பெட்டிக்கு வழி கண்டார். நம்ம சின்னத் தேனீக்கு ஏத்த பெட்டியை 1910களில் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் செஞ்சார். 1924-ல் மார்த்தாண்டத்துக்கு வந்த ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் தேனீ வளர்ப்பு ஊர் ஊராப் பரவுச்சு. சட்டம் கைக்கு வந்த பிறகுதான் ஒரு குடும்பத்தை ரெண்டாக்க முடிஞ்சது.

1991-92-ல் வந்தது தாய் சாக்புரூட் வைரஸ். புழுவெல்லாம் நீர் கோத்த பை மாதிரி அறைக்குள்ளயே செத்துச்சு. தென்னிந்தியாவில் பத்துக்கு ஒன்பது குடும்பத்துக்கு மேல அழிஞ்சது. அப்பாவோட பெட்டிகள்ல ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு. காலிப் பெட்டியை அடுப்புக்குப் போடலாம்னு அம்மா சொன்னாங்க. அப்பா விடலை.

அந்த ஒண்ணையும் அவர் உடனே பிரிக்கலை. ஒரு வருசம் தேனே எடுக்காம விட்டார். நோயைத் தாங்கினது அது ஒண்ணுதான், அதோட வாரிசுதான் வேணும்னார். ஏழு சட்டமும் ஈ மூடின பிறகு, அடையோட அடியில ராணி அறை தொங்குறப்போ பிரிச்சார். பழைய ராணியோட மூணு சட்டம் புதுப் பெட்டிக்கு. ராணி அறை இருக்கிற பாதி பழைய பெட்டியிலயே. பழைய இடத்துக்கு ஆளுக்கு அரை அடி தள்ளி, ரெண்டையும் பக்கம் பக்கமா வெச்சார். இரை தேடிப் போன ஈ திரும்பி வந்து ரெண்டுக்கும் பிரிஞ்சு போகும்.

ரப்பர் தளிர் விடுற மாசிக்குள்ள பெட்டி பலமாகணும். தளிர்க் காம்புல சுரக்கிறதுதான் எங்க பக்கத்துத் தேன்.

போன வருசம் விலைக்குக் கேட்டாங்கன்னு நாலு சட்டம்கூட நிறையாத குடும்பத்தைப் பிரிச்சேன். மெழுகுப்பூச்சி புகுந்து ரெண்டும் போச்சு. அப்பா திட்டலை. அந்தக் காலிப் பெட்டிகளைக் கழுவி வெயில்ல காயவெச்சார்.

இந்த வருசமும் ஆள் வந்து கேட்டாங்க. தை முடியட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன்.