உணவுப் பஞ்சம் கற்பித்த உண்மை

பரிசு கொடுத்துப் பழக்கிய ஒரு செயல், பரிசை நிறுத்திய பின் எத்தனை காலம் நிலைக்கும்? ஒவ்வொரு முறையும் பரிசு பெற்ற பழக்கமே ஆழ வேரூன்றும் என்று மாணவப் பருவத்தில் நான் எண்ணியிருந்தேன். உளநூலின் வரலாறோ வேறுவிதமாகக் கூறுகிறது.

1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்கின்னர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் எலிகளைப் பழக்கி வந்தார். பெட்டிக்குள் இருக்கும் எலி நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அவ்வுருண்டைகளை அவரே செய்தாக வேண்டும். எட்டு எலிகளோ நாளொன்றுக்கு நூறு நூறாகத் தின்றன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கையிருப்பைக் கணக்கிட்டார். அன்று இரவு வரை உழைத்தாலன்றித் திங்கட்கிழமை காலையிலேயே உணவு தீர்ந்துவிடும் எனக் கண்டார். 'ஒவ்வோர் அழுத்தலுக்கும் உணவு தரத்தான் வேண்டுமா?' என்ற வினா எழுந்தது. நிமிடத்திற்கு ஒரு முறைக்கு மேல் உணவு விழாதவாறு அமைத்தார். எலிகள் சோர்ந்துவிடவில்லை; சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. இவ்வரலாற்றை 1956-இல் அவரே சுவைபட எழுதினார்.

1939-இல் ஹம்ஃப்ரீஸ் என்பார் மனிதரிடம் ஒரு சோதனை செய்தார். ஒளி தோன்றியதும் கண்மீது காற்று வீசினால் இமை மூடும். பழகியபின் ஒளியைக் கண்டதுமே மூடும். ஒரு சாராருக்கு ஒவ்வொரு முறையும் காற்று வீசியது. மற்றொரு சாராருக்குப் பாதி முறைதான். பின்னர்க் காற்றை அறவே நிறுத்தியபோது, முதற் சாராரிடம் பழக்கம் விரைவில் மறைந்தது. மற்றவரிடம் நெடிது நின்றது.

காரணம் யாது? தவறாமல் பெற்றவனுக்கு, அது நின்றவுடன் மாறுதல் புலப்பட்டுவிடுகிறது. இடையிடையே பெற்றவனோ ஏமாற்றத்திற்குப் பழகியவன். 'அடுத்த முறை கிடைக்கும்' என்று தொடர்கிறான். அறிஞர் தரும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

சூதாடியை எழவிடாமல் பிடித்து வைப்பது இவ்விதியே. பத்து முறை மறுத்துவிட்டுப் பதினோராம் முறை இணங்கும் தாய், குழந்தையின் பிடிவாதத்தை வளர்ப்பதும் இதனாலேயே. பல முறை தவறிச் சில முறை விடை கண்ட மாணவன், கடினமான கணக்கைக் கைவிடாதிருப்பதற்கும் இது துணையாகிறது.

ஆதலின், மாணவ நண்பர்களே, விட முடியாத பழக்கமெல்லாம் நல்ல பழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். எப்போதோ கிடைத்த ஒரு சிறு பரிசு நம்மை எதனோடு பிணைத்திருக்கிறது என்பதை ஆராய்ந்து பாருங்கள். பற்றத் தக்கதைப் பற்றவும், விடத் தக்கதை விடவும் அவ்வாராய்ச்சி உதவும்.