கம்பியில்லா உள்ளூர் வலையமைப்பின் தொடக்ககால வளர்ச்சி

கம்பியில்லா உள்ளூர் வலையமைப்பு என்பது வீடு, அலுவலகம், கல்லூரி வளாகம் போன்ற சிறு பரப்பினுள் உள்ள கணினிகளை வடங்களுக்குப் பதிலாக வானொலி அலைகளால் இணைக்கும் முறை ஆகும். இன்று வை-ஃபை என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் இம்முறை, 1971 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் இயங்கத் தொடங்கிய அலோகாநெட் முதல் 1999 ஆம் ஆண்டின் 802.11பி சீர்தரம் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் உருப்பெற்றது. இதன் வளர்ச்சியில் மூன்று சிக்கல்களுக்குத் தீர்வு காண வேண்டியிருந்தது. ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்வது எப்படி என்பது முதலாவது. அந்த அலைவரிசையைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பது இரண்டாவது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது எப்படி என்பது மூன்றாவது. முதற் சிக்கலைப் பொறியியலும், இரண்டாவதை அரசின் முடிவும், மூன்றாவதைப் போட்டி நிறுவனங்களிடையே ஏற்பட்ட உடன்பாடும் தீர்த்து வைத்தன.

அலோகாநெட்

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கணினி ஓவாகு தீவில் இருந்தது. பிற தீவுகளில் இருந்த கல்லூரிகள் அதனைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாக அணுகுவது செலவு மிக்கதாகவும் நம்பகமற்றதாகவும் இருந்தது. எனவே நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழுவினர் வானொலி அலைகளைப் பயன்படுத்தும் வலையமைப்பு ஒன்றை உருவாக்கினர். அலோகாநெட் எனப்பட்ட இது 1971 சூன் மாதத்தில் வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் இயங்கத் தொடங்கியது.

இதன் செயன்முறை எளிமையானது. அனுப்புவதற்குத் தரவு இருக்கும் முனையம், பிற முனையங்களிடம் முறை கேட்காமல் உடனே ஒரு பொதியை அனுப்பும். இரு முனையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் பொதிகள் மோதிச் சிதையும். மையக் கணினியிடமிருந்து ஒப்புகை வராது. ஒப்புகை பெறாத முனையம், தற்போக்காகத் தெரிவு செய்த சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். இருவரும் காத்திருக்கும் நேரம் வேறுபடுவதால் மறுமுறை மோதல் நிகழும் வாய்ப்புக் குறைகிறது.

இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிக அளவாக 18.4 விழுக்காடு மட்டுமே பயன்படும். ஒரு பொதி செல்லும்போது மட்டுமன்றி, அதற்கு முந்திய ஒரு பொதி நேரத்தில் தொடங்கும் பிற பொதிகளும் அதனோடு மோதக்கூடும் என்பதே இதற்குக் காரணம். நேரத்தைச் சம துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்ப வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால் இவ்வளவு இரு மடங்காகி 36.8 விழுக்காடாகும்.

அலோகாநெட்டை ஆராய்ந்த ராபர்ட் மெட்கால்ஃப், 1973 ஆம் ஆண்டில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஈதர்நெட் வலையமைப்பை வடிவமைத்தார். இவ்வாறு வானொலியில் பிறந்த பகிர்வு முறை, முதலில் வடங்களின் வழியாகவே உலகெங்கும் பரவியது.

உரிமம் தேவைப்படாத அலைவரிசைகள்

வானொலி அலைவரிசைகளை அரசுகள் உரிமம் வழங்கியே பயன்படுத்த அனுமதித்து வந்தன. இந்நிலையில் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வானொலிச் செலுத்தி ஒன்றை இயக்குவது இயலாததாக இருந்தது. 1985 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் இதனை மாற்றியது. அவ்வாணையத்தின் பொறியியலாளர் மைக்கேல் மார்க்கசு இம்முயற்சியில் முன்னின்றார். 902–928 மெகாஹெர்ட்சு, 2400–2483.5 மெகாஹெர்ட்சு, 5725–5850 மெகாஹெர்ட்சு ஆகிய மூன்று அலைவரிசைகளில் உரிமமின்றித் தரவு அனுப்ப ஆணையம் இசைவளித்தது.

இவை தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தவை. நுண்ணலை அடுப்பும் 2450 மெகாஹெர்ட்சு அளவிலேயே இயங்குகிறது. இரைச்சல் மிகுந்த இப்பகுதிகளைத் தகவல்தொடர்பு நிறுவனங்கள் பெரிதும் விரும்பவில்லை. புதிய பயனர்களுக்கு நிபந்தனைகளும் இருந்தன. செலுத்தியின் திறன் ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது. பிறரது இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குறிகையை அகன்ற பட்டையில் பரப்பி அனுப்பும் பரவு நிறமாலை முறையைப் பயன்படுத்த வேண்டும். குறிகை பரவியிருப்பதால் ஒரு குறுகிய அதிர்வெண்ணில் ஏற்படும் இரைச்சல் அதனை முற்றிலும் அழிப்பதில்லை.

வேவ்லேன்

இவ்வாய்ப்பைப் பயன்படுத்திய நிறுவனங்களுள் என்.சி.ஆர் குறிப்பிடத்தக்கது. கடைகளுக்கான பணப்பதிவுப் பொறிகளை உருவாக்கிய இந்நிறுவனம், கடையின் அமைப்பு மாறும்போதெல்லாம் வடங்களைப் புதிதாக இழுக்கும் செலவைத் தவிர்க்க விரும்பியது. நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியியல் மையத்தில் உருவான வேவ்லேன் 1990 இல் விற்பனைக்கு வந்தது. இது 915 மெகாஹெர்ட்சுப் பகுதியில் வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இயங்கியது. ஐரோப்பா உள்ளிட்ட பகுதிகளில் அந்த அலைவரிசை இப்பயன்பாட்டுக்குக் கிடைக்காததால், பிற்காலக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்சுப் பகுதிக்கு மாறின.

802.11 சீர்தரம்

தனித்தனி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துழைக்காத நிலையில், 1990 இல் மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ 802.11 என்ற பணிக்குழுவை அமைத்தது. என்.சி.ஆர் நிறுவனத்தைச் சேர்ந்த விக் ஹேயசு 2000 ஆம் ஆண்டு வரை அதன் தலைவராக இருந்தார். போட்டி நிறுவனங்களின் பொறியாளர்களே உறுப்பினர்களாக இருந்த இக்குழுவில், தொழில்நுட்ப முடிவு ஒவ்வொன்றுக்கும் 75 விழுக்காடு வாக்குகள் தேவைப்பட்டன. இதனால் முதற் சீர்தரம் வெளிவர 1997 வரை ஆயிற்று.

இச்சீர்தரம் ஈதர்நெட்டின் பகிர்வு முறையை அப்படியே ஏற்கவில்லை. வடத்தில் அனுப்பும் கருவி, மோதல் நிகழ்வதை அனுப்பும்போதே கண்டறிய இயலும். வானொலியிலோ தனது சொந்தக் குறிகையே வலுவாக ஒலிப்பதால் பிறரது குறிகையைக் கேட்க முடியாது. எனவே மோதலைக் கண்டறிவதற்குப் பதிலாகத் தவிர்க்கும் முறை வகுக்கப்பட்டது. கருவி முதலில் அலைவரிசை அமைதியாக உள்ளதா எனக் கேட்கும். பின்னர் தற்போக்கான நேரம் காத்திருந்து அனுப்பும். ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை பெறும்.

ஒன்றையொன்று கேட்க இயலாத இரு கருவிகள் இடையிலுள்ள மூன்றாவதுக்கு ஒரே வேளையில் அனுப்புவது மறைமுனைச் சிக்கல் எனப்படும். இதற்குத் தீர்வாக, அனுப்புமுன் இசைவு கேட்டுப் பெறும் சிறு பொதிகளும் சேர்க்கப்பட்டன.

எனினும் 1997 சீர்தரம் ஒரு குறையோடு வெளிவந்தது. அது அதிர்வெண் தாவல், நேரடி வரிசைப் பரவல், அகச்சிவப்புக் கதிர் என மூன்று அனுப்பு முறைகளை ஏற்றது. எனவே இரு கருவிகள் சீர்தரத்துக்கு இணங்கியவையாக இருந்தும் ஒன்றோடொன்று பேச இயலாதிருக்கலாம். வேகமும் வினாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் மட்டுமே.

1999 ஆம் ஆண்டில் வெளிவந்த 802.11பி, நேரடி வரிசைப் பரவலின் வளர்ச்சியாக 11 மெகாபிட் வேகத்தை அளித்தது. அவ்வாண்டே ஆறு நிறுவனங்கள் இணைந்து, கருவிகளின் ஒத்தியங்கு தன்மையைச் சோதித்துச் சான்றளிக்கும் கூட்டமைப்பை உருவாக்கின. அதுவே பின்னர் வை-ஃபை கூட்டணி எனப் பெயர் மாறியது. வை-ஃபை என்பது விளம்பரத்துக்காக உருவாக்கப்பட்ட பெயரேயன்றி எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் அன்று. போட்டியாக இருந்த ஹோம்ஆர்எஃப் அமைப்பு 2003 இல் கலைக்கப்பட்டது.

நடமாடும் கணினி

1981 இல் வெளிவந்த ஆசுபார்ன் 1 கணினி எடுத்துச் செல்லத்தக்கது எனப்பட்டாலும் ஏறத்தாழ 11 கிலோகிராம் எடை கொண்டது. இயங்குவதற்குச் சுவரிலுள்ள மின்சாரம் தேவை. மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினிகளும், கடன் அட்டை அளவான வானொலி அட்டைகளைச் செருகும் வசதியும் வந்த பின்னரே கம்பியில்லா இணைப்புக்குப் பொருள் ஏற்பட்டது.

பிட்சுபர்க்கில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அலெக்சு ஹில்சு தலைமையில் 1990களில் அமைக்கப்பட்ட வயர்லெசு ஆண்ட்ரூ, வளாகம் முழுவதற்குமான முன்னோடி வலையமைப்பாகும். மடிக்கணினியுடன் நடந்து செல்பவரின் இணைப்பு ஓர் அணுகு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் மாறுவது அங்கு அன்றாட நிகழ்வாயிற்று.

1999 சூலையில் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியையும் ஏர்போர்ட் கருவியையும் வெளியிட்டது. அறிமுக நிகழ்வில் ஸ்டீவ் ஜாப்ஸ், இணையத்தில் இயங்கிக்கொண்டிருந்த மடிக்கணினியை ஒரு வளையத்தினூடாகச் செலுத்தி, கம்பி ஏதும் இல்லை என்று காட்டினார். 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனத்தின் சென்ட்ரினோ வெளிவந்த பின் இவ்வசதி மடிக்கணினிகளின் உள்ளேயே பொருத்தப்படுவது வழக்கமாயிற்று.

பாதுகாப்புக் குறைபாடு

வடத்தில் செல்லும் தரவை எடுக்க வடத்தைத் தொட வேண்டும். வானொலி அலை சுவரைக் கடந்து தெருவுக்கும் செல்கிறது. இதனை எதிர்கொள்ள 1997 சீர்தரத்தில் டபிள்யூ.இ.பி என்னும் மறையீட்டு முறை சேர்க்கப்பட்டது. இதன் சாவி 40 பிட் நீளமே கொண்டிருந்தது. ஒவ்வொரு பொதிக்கும் சாவியுடன் சேர்க்கப்பட்ட மாறும் எண் 24 பிட் மட்டுமே. ஏறத்தாழ 1.68 கோடி பொதிகளுக்குப் பின் அவ்வெண்கள் தீர்ந்துவிடுவதால், நெரிசல் மிக்க வலையமைப்பில் சில மணி நேரத்திலேயே மீண்டும் வரக்கூடும்.

2001 இல் ஃபுளுரர், மாண்டின், சமீர் ஆகிய மூவர், இம்முறையில் செல்லும் பொதிகளைச் சேகரித்துச் சாவியையே கண்டறியலாம் என்று காட்டினர். சாவியின் நீளத்தைக் கூட்டினாலும் இக்குறை நீங்காது. அதற்குள் ஏராளமான கருவிகள் விற்பனையாகி இருந்தன. 2003 இல் டபிள்யூ.பி.ஏ என்ற இடைக்காலத் தீர்வும், 2004 இல் 802.11ஐ என்ற முழுமையான தீர்வும் வெளிவந்தன.

எதிரொலிச் சிக்கலும் காப்புரிமையும்

அறையினுள் அலைகள் சுவர்களிலும் பொருட்களிலும் பட்டுத் திரும்புவதால் ஒரே குறிகை பல முறை, சற்றே பிந்தி வந்து சேர்கிறது. வேகம் கூடும்போது இவ்வெதிரொலி அடுத்த பிட்டுடன் கலந்துவிடும். ஆத்திரேலியாவின் சி.எசு.ஐ.ஆர்.ஓ நிறுவனத்தில் வானொலி வானியலாளர் ஜான் ஓ'சல்லிவன் உள்ளிட்ட குழுவினர், தரவைப் பல அதிர்வெண்களில் பிரித்து ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்பும் வழியை வகுத்தனர். இதற்கு 1996 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 54 மெகாபிட் வேகமுடைய 802.11ஏ, 802.11ஜி சீர்தரங்கள் இத்தகைய முறையையே பயன்படுத்தின. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2009, 2012 ஆம் ஆண்டுகளில் பல நிறுவனங்கள் அந்நிறுவனத்துடன் உடன்பாடு செய்து இழப்பீடு வழங்கின.

இந்தியாவில்

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்னும் விதி 2005 சனவரியில் வெளியிடப்பட்டது. அக்காலப்பகுதியில், தமிழ்நாட்டின் தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் பார்வை மையங்களோடு இணைக்க, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக் குழு வை-ஃபை கருவிகளைத் திசைநோக்கு அலைவாங்கிகளுடன் பயன்படுத்தியது. நோயாளிகள் தமது ஊரிலிருந்தே காணொளி வழியாக மருத்துவரிடம் கலந்தாலோசிக்க இது உதவியது.

அறைகளுக்காக வகுக்கப்பட்ட விதிகள் நெடுந்தொலைவுக்குப் பொருந்தவில்லை. தொலைவு மிகும்போது ஒப்புகை வருவதற்கு முன்னரே காத்திருக்கும் நேரம் முடிந்துவிடுவதுடன், தொலைவிலுள்ள கருவி அனுப்புவதை முன்கூட்டியே கேட்டறியவும் இயலாது. எனவே ஆய்வாளர்கள் கேட்டு அனுப்பும் முறையை நீக்கி, இரு முனைகளும் நேரத் துண்டுகளை மாறி மாறிப் பயன்படுத்தும் முறையை அமைத்தனர்.