கெலுகோர்க் கரையிலிருந்து: பினாங்கின் காட்சியிடங்கள் பிறந்த கதை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பினாங்கை நோக்கிப் புறப்பட்டு விடுகிறோம். கொடிமலையில் ஏறுகிறோம். தண்ணீர்மலையில் முருகனைக் கும்பிடுகிறோம். தாவரவியல் பூங்காவில் பிள்ளைகளுக்குக் குரங்குகளைக் காட்டுகிறோம். பத்து பெரிங்கி கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, பாலத்தின் வழியே வீடு திரும்புகிறோம். இவை எல்லாம் சுற்றுலாவுக்காகவே படைக்கப்பட்டவை போல நமக்குத் தோன்றுகின்றன. உண்மையில் இவற்றுள் மிகப் பல வேறு ஏதோ ஒரு தேவைக்காகத் தோன்றியவை. அந்தத் தேவை என்ன, அந்த இடங்களை ஆக்கிய கைகள் யாருடையவை என்பதைத்தான் இன்று காணப் போகிறோம்.

இதற்கு நாம் ஜார்ஜ் டவுன் நகரின் நடுவே போய் நிற்க வேண்டியதில்லை. தீவின் கீழ்க்கரையில் இருக்கும் கெலுகோரில் நின்றாலே போதும். முன்னே பாலம், வலப்புறம் ஜெரஜா என்னும் சிறு தீவு, பின்னே மலைத்தொடர். பினாங்கின் வரலாற்றைச் சொல்லித் தர இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

கெலுகோர் என்பதே ஒரு மரத்தின் பெயர். அதன் புளித்த காயைச் சீவி வெயிலில் உலர்த்தி எடுப்பதுதான் கடையில் நாம் வாங்கும் அசாம் கெப்பிங். பினாங்கு லக்சாவுக்குப் புளிப்புத் தருவது இது. மலையாளக் கரையில் மீன் குழம்பில் போடும் குடம்புளிக்கு இது நெருங்கிய உறவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதி டேவிட் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டமாக இருந்தது. பின்னாளில் மிண்டன் என்னும் பெயரில் பிரிட்டிஷ் ராணுவ முகாம் இங்கே எழுந்தது. படையினர் போன பின், 1969-இல் தோற்றுவிக்கப்பட்ட பல்கலைக்கழகம், இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அந்த இடத்தில் குடியேறியது. தோட்டம் முகாமாகி, முகாம் கல்விக்கூடமான கதை இது. ஓர் இடம் தன் வேலையை மாற்றிக் கொள்வது பினாங்கில் புதுமையல்ல.

இனிப் பின்னே திரும்பி மலையைப் பார்ப்போம்.

பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் வந்திறங்கியது 1786 ஜூலையில். ஆகஸ்ட் 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கும்பெனியின் பெயரால் கொடியேற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் சூட்டினார். காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார். காசைத் தேடி மக்கள் காட்டை அழித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, காட்டை வெட்டினார்கள் என்பது மெய். வெட்டிய இடத்தில் நீர் தேங்கியது, கொசு பெருகியது, காய்ச்சல் வந்தது. லைட்டே 1794-இல் மலேரியாக் காய்ச்சலால் மாண்டார்.

இந்தக் காய்ச்சல்தான் கொடிமலைக்குப் புகழ் தேடித் தந்தது. 1788-லேயே லைட் மலைமீது குதிரை செல்லும் பாதை ஒன்றை அமைத்தார் என்று வரலாறு கூறுகிறது. கொடிமலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 833 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். ஆகவே அடிவாரத்தைவிட உச்சியில் ஏறத்தாழ ஐந்து டிகிரி குளிர்ச்சி இருக்கும். அந்தக் குளிர்ச்சியை நாடி, நோயில் விழுந்த கும்பெனி அதிகாரிகள் உடல் தேற மேலே போனார்கள். நமக்கு நன்கு தெரிந்த உதகமண்டலத்தில் ஜான் சல்லிவன் வீடு கட்டத் தொடங்கியது 1820களில்தான். கொடிமலை அதற்கும் மூத்தது.

அதிகாரிகள் மேலே போனார்கள் என்றேன். எப்படிப் போனார்கள்? சிலர் மட்டக் குதிரையில், பலர் டோலியில். டோலி தானாக மலை ஏறாது. அதைத் தோளில் சுமந்தவர்கள் இருந்தார்கள். பாதையை வெட்டியவர்கள் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கும்பெனி இந்தத் தீவின் சாலைகளிலும் கட்டடங்களிலும் வேலைக்கு அமர்த்தியது. கார்ன்வாலிஸ் கோட்டை முதலில் நிபோங் மரத்தடிகளால் வேலி போலத்தான் இருந்தது. பின்னர் அதைச் செங்கல்லால் கட்டியதிலும் அந்தக் கைதிகளின் உழைப்பு உண்டு. மலையுச்சியில் இன்றும் நாம் வணங்கும் அருளொளித் திருமுருகன் ஆலயம், அங்கே உழைத்த நம்மவர்கள் விட்டுச் சென்ற அடையாளம். விடுதிக்கு வந்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. டோலி சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர் நட்ட வேல் இருக்கிறது.

மலைக்கு ரயில் போடும் முதல் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கித் தோல்வியில் முடிந்தது. இரண்டாம் முயற்சி வென்றது. 1923 அக்டோபரில் மக்கள் பயணம் செய்யத் தொடங்கினர். 1924 ஜனவரி முதல் நாள் ஆளுநர் கில்லிமார்ட் அதை முறைப்படி திறந்து வைத்தார். இந்த ரயிலின் நுட்பம் எளிமையானது. கிணற்றில் இரட்டை வாளி கட்டி இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றொன்று ஏறுவதற்குத் துணை செய்யும். அதே போல ஒரே கம்பி வடத்தின் இரு முனைகளில் இரு வண்டிகள். நடுவழியில் ஒன்றையொன்று விலகிச் செல்லத் தண்டவாளம் அங்கு மட்டும் இரண்டாகப் பிரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் ரயிலோ பல்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவது. இது கயிற்றால் இழுக்கப்படுவது. பழைய ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். மேலே சேர அரை மணி நேரம் ஆகும். 2011-இல் வந்த புதிய வண்டிகள் மாறாமலே சில நிமிடங்களில் உச்சியை அடைகின்றன. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்துக்கு வருவோம். அங்கே இருப்பது தாவரவியல் பூங்கா. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் அதை அமைக்கத் தொடங்கியபோது அந்த இடம் கருங்கல் வெட்டி எடுத்த பழைய கல்குவாரி. பொழுதுபோக்குக்காக மட்டும் அது பிறக்கவில்லை. எந்தப் பயிர் இந்த மண்ணில் பிழைக்கும், எது வருமானம் தரும் என்று கண்டறிவது அந்நாளைய பூங்காக்களின் தலையாய பணி. 1910-இல் இந்தப் பூங்காவுக்கு ஓர் ஆபத்து வந்தது. நகருக்குத் தண்ணீர் போதவில்லை. ஆகவே பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்கி விடலாம் என்று முடிவாயிற்று. நல்லவேளையாக 1912-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அது நடந்திருந்தால் இன்று நாம் நடக்கும் புல்வெளி நீருக்கடியில் கிடக்கும். ஓர் இடம் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால், யாரோ அதை அழிக்காமல் விட்டார்கள் என்றும் பொருள்.

அருவிக்கு அருகே தோட்ட வேலைக்காரர்கள் வழிபட்ட சிறு கோயில்தான் பின்னர் இடம் மாறித் தண்ணீர்மலைக் கோயிலானது. 2012-இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய மலைக்கோயிலுக்கு 513 படிகள். நகரத்தார் 1894 முதல் இழுத்து வரும் வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் நகரத்திலிருந்து இங்கே புறப்பட்டு வருகிறது. இன்று வெளிநாட்டுப் பயணிகள் படம் எடுக்க ஓடி வரும் அந்தக் காட்சியும், காட்சிக்காக ஏற்பட்டதன்று, நேர்த்திக்கடனாக ஏற்பட்டது.

வடகரையில் உள்ள பத்து பெரிங்கி என்னும் பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மலாய் மொழியில் பத்து என்றால் கல். பெரிங்கி என்பது நாம் பரங்கி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லேதான். ஐரோப்பியரை, சிறப்பாகப் போர்த்துகீசியரை, அப்படி அழைத்தார்கள். 1969-இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகச் சலுகையை இழந்தது. வணிகம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்தது. அந்நிலையில்தான் மாநில அரசு ஒருபுறம் பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகளையும், மறுபுறம் சுற்றுலாவையும் நம்பியது. 1970களில் பரங்கிப் பாறைக் கரையில் பெரிய தங்கும் விடுதிகள் எழுந்தன. ஆக, உல்லாசத் தீவு என்ற பெயரும் ஒரு பசியிலிருந்து வந்ததே.

இது பினாங்குக்கு மட்டும் உரியதா? ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான மயோர்காத் தீவு ஐரோப்பியர்களின் விடுமுறைச் சொர்க்கம். அங்கும் மலையூடே செல்லும் பழைய ரயில் ஒன்று உண்டு, 1912-இல் தொடங்கியது. போலந்து நாட்டு இசைமேதை ஷோப்பான் 1838-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மையாருடன் அந்தத் தீவுக்குப் போனார். உல்லாசத்துக்காக அல்ல, நெஞ்சு நோய் தீருமென்று நம்பிப் போனார். அவருக்குத் தொற்றுநோய் என்று அஞ்சி ஊரார் ஒதுக்கினார்கள். கடைசியில் வால்தெமோசா என்னும் மலையூரில், துறவிகள் நீங்கிய பழைய மடம் ஒன்றில் தங்கினார். இன்று அந்த மடத்தைப் பார்க்கப் பயணிகள் திரண்டு போகிறார்கள். அன்று ஒதுக்கிய இடமே இன்று காட்சியிடம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கெலுகோர்க் கரையின் வலப்புறம் தெரியும் ஜெரஜாத் தீவைப் பாருங்கள். 1860களின் இறுதியில் அதைத் தொழுநோயாளிகளுக்கென ஒதுக்கினார்கள். 1870களில் அங்கே கப்பல் பயணிகளைத் தடுத்து வைக்கும் முகாம் ஏற்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, தோட்ட வேலைக்கென்று வந்த நம் முன்னோர் பல்லாயிரவர் மலாயாவில் முதன்முதலாகக் கால் வைத்த மண் அதுதான். அம்மையோ வாந்திபேதியோ இல்லை என்று தெரியும்வரை அங்கே காத்துக் கிடந்தார்கள். எதிரே பினாங்கின் பச்சை மலை தெரியும், போகத்தான் முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே காசநோய் மருத்துவமனை இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. 2004-இல் அதே தீவில் உல்லாச விடுதி திறந்தார்கள். காட்டுக்குள்ளே பழைய கட்டடங்கள் சிதைந்து கிடக்கின்றன.

அங்கே ரஷ்ய மாலுமிகளின் கல்லறையும் உண்டு. எம்டன் என்ற சொல்லை நாம் இன்றும் வழங்குகிறோம் அல்லவா? அந்த ஜெர்மானியக் கப்பல் 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் சென்னையில் குண்டு போட்டது. அடுத்த மாதம் 28-ஆம் நாள் விடியலில் போலியாக ஒரு புகைபோக்கியைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஷெம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. மாண்ட மாலுமிகள் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்குக் கல் நாட்டியிருக்கிறார்கள், மலர் வைக்கிறார்கள். அது முறையே. ஆனால் அதே தீவில் நோயால் மாண்டு, கரை சேராமலே போன நம் கூலித் தொழிலாளர்களின் பெயரை யார் வாசிக்கிறார்கள்?

இதோ முன்னே பாலம். 1985 செப்டம்பர் 14-ஆம் நாள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளத்தில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். அதுவரை தீவுக்கு வர வேண்டுமானால் பெரிதான் துணை. பாலத்தில் வரும் பிள்ளைகள் ஜெரஜாவைப் பார்த்து, "அது என்ன தீவு, அப்பா?" என்று கேட்பார்கள். "சும்மா ஒரு தீவுப்பா" என்று பதில் சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். இனி அப்படிச் சொல்ல வேண்டாம்.

நேயர்களே, அடுத்த முறை எந்தக் காட்சியிடத்துக்குப் போனாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது முன்பு எதற்காக இருந்தது? யாருடைய கை இதை ஆக்கியது? அழியாமல் இதைக் காத்தவர் யார்? உங்கள் வீட்டில் கப்பலில் வந்த பாட்டன் பாட்டியைப் பற்றிக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இருந்தால், ஜெரஜாவைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எந்தக் கப்பல், எந்த ஊர், எத்தனை நாள் காவல் என்று இரண்டு வரி போதும். மலையும் கடலும் நாளையும் இருக்கும். சொல்லுவதற்கு ஆள் இருக்க மாட்டார். பார்த்த இடத்தின் படத்தோடு, அந்த இரண்டு வரியும் உங்கள் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரட்டும்.